விழுந்து படுக்கப் பழகியவர்கள்

எங்கள் கோயிலில் எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு வாங்கு இருக்கிறது. கோயில் என்று நான் சொல்வது மாதா கோயிலை. யாழ்ப்பாணத்தில், குருநகர்ப் பக்கத்துக் கடற்கரையில், கடற்தொழில் செய்யும் குடும்பங்கள் சேர்ந்து கட்டிய ஒரு சின்னக் கோயில். வாங்கில் பெயர் எழுதியிருக்கவில்லை, யாரும் உரிமை தந்ததும் இல்லை. ஆனாலும் பீடத்திலிருந்து நாலாவது வாங்கின் இடப்பக்க நுனியில் வேறு யாராவது வந்து குந்திவிட்டால் என் அண்ணைக்கு அன்றைய பூசை பூசையே இல்லை. ஏழு வருடங்களுக்குப் பிறகு ஜேர்மனியிலிருந்து லீவில் வந்த நான், முதல் ஞாயிறே அந்த வாங்கைத் தாண்டிப் பின்னுக்குப் போய், கடைசி வாங்கில், பக்கக் கதவோடு ஒட்டி இருந்துகொண்டேன். அண்ணையின் மனைவி, என் மச்சாள் றோஸ், பிரசங்கம் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பூசை முடிந்ததும் செருப்பைக்கூடப் போடாமல் என்னிடம் வந்துவிட்டார்.

"ஏன் மச்சாள் அங்கை போய் இருந்தனீங்கள்? எங்களோடை ஏதும் மனத்தாங்கலோ?"

"சீச்சீ. கதவடியிலை காத்து வரும், அதுதான்."

அவர் நம்பவில்லை. தான் என்ன சொல்லிப்போட்டேனோ, என்ன செய்துபோட்டேனோ என்று பின்னேரம் முழுக்க யோசித்திருக்கிறார் போல. இரவுச் சாப்பாட்டுக்கு இறால் பொரித்து என் சாப்பாட்டுக் கோப்பையில் மட்டும் இரட்டிப்பாக வைத்தார். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. உண்மை என்னவென்றால், எந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தாலும் நான் முதலில் தேடுவது இரண்டாவது வாசலை. பக்கக் கதவு எங்கே, அது திறந்திருக்கிறதா, அதற்குப் போக எத்தனை எட்டு. சண்டிலிப்பாயில் பள்ளித் தோழியின் மகளுக்குக் கல்யாணம் என்று போயிருந்தேன். மண்டபச் சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்ததில் தாலி கட்டியதைக் காணவில்லை. எல்லாரும் அட்சதை போடத்தான் நானும் போட்டேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஷெல்லுக்குள்ளும் பொம்மருக்குள்ளும் வளர்ந்தவளுக்கு வெள்ளைக்காரன் நாட்டில் என்னடி பயம் என்று என்னிடம் நேராகவே கேட்டவர்கள் இருக்கிறார்கள். சொல்கிறேன். எங்கள் பயத்துக்கு ஒரு சத்தம் இருந்தது. பொம்மர் வந்தால் வானம் இரையும். சின்னப்பிள்ளைகூட அண்ணாந்து பார்த்து, இது சுத்துது, இது குத்தப்போகுது என்று சொல்லும். ஷெல் என்றால் அடிக்கிற சத்தம் ஒன்று, விழுகிற சத்தம் ஒன்று, இடையில் செபிக்க நேரம் இருந்தது. ஜேர்மனியில் நான் பயப்படுகிறவனுக்குச் சத்தமே கிடையாது. தனி ஒருவன். அவனுக்கு இயக்கமும் இல்லை, சீருடையும் இல்லை. யாரோடும் கதைத்ததும் இல்லை. எங்கேயோ ஓர் அறைக்குள் தனியாகக் கிடந்து, தனியாகக் கொதித்து, ஒரு நாள் வாடகை வாகனமோ சமையல் கத்தியோ எடுத்துக்கொண்டு, சனம் கூடிச் சிரிக்கிற இடத்துக்கு வருவான். வருகிற வரைக்கும் அவனும் சனத்தில் ஒருவன். ட்ராமில் எனக்கு இடம் விட்டு எழும்பினவனாகக்கூட இருக்கலாம். இதற்கு எந்தப் பக்கம் அண்ணாந்து பார்ப்பது?

நான் இருக்கும் நகரத்தில் மார்கழி பிறக்க முதலே சதுக்கத்தில் மரக் கொட்டில்கள் முளைத்துவிடும். வைநாக்ட்ஸ்மார்க்ட் என்பார்கள், கிறிஸ்து பிறப்புக்கு வைக்கிற நத்தார்ச் சந்தை. சூடான வைன், பொரித்த உருளைக்கிழங்கு, சீனிப்பாகில் வறுத்த பாதாம், ஒரு மூலையில் பிள்ளைகளுக்கு ராட்டினம். எனக்கு அந்த நாட்டில் முதன்முதலில் பிடித்துப்போன இடம் அதுதான். பிறகு வேறொரு நகரத்தில் ஒருவன் இப்படியான ஒரு சந்தைக்குள் வாகனத்தை விட்டான். அடுத்த வருடம் எங்கள் சந்தையின் நாலு வாசலிலும் இடுப்பளவு உயரத்தில் கொங்கிறீட் கட்டைகள் வந்தன. அவற்றைச் சிவப்புத் துணியால் சுற்றி, பெரிய ரிபன் கட்டி, பரிசுப் பொதி மாதிரிச் சோடித்திருந்தார்கள். பிள்ளைகள் அதன்மேல் ஏறி இருந்து படம் எடுத்தார்கள். எனக்கோ எங்கள் ஊர்ச் சந்தியில் ஆமிச் சென்றிக் காவலரணுக்கு முன்னால் மண் நிரப்பி வைத்திருந்த தார்ப்பீப்பாக்கள்தான் கண்ணுக்குள் வந்தன. பீப்பாவுக்கு ரிபன் கட்டும் வழக்கம் எங்களிடம் இருக்கவில்லை, அவ்வளவுதான். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு நிற்கும் ஹைகே, கட்டை வைத்துவிட்டார்கள், இனிப் பயமில்லை என்றாள். கட்டை வைத்துவிட்டார்கள் என்றால் வரப்போகிறான் என்றல்லவா அர்த்தம் என்று நான் கேட்டேன். அவள் என் ஜேர்மன் மொழிதான் பிசகிவிட்டது என்று நினைத்து, வசனத்தைத் திருத்தி, அன்பாகத் திருப்பித் தந்தாள்.

நடந்ததைச் சொல்வதற்கு முதல், நான் படித்த பாடம் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிஸ்டர் இருந்தார். மெலிந்தவர், கழுத்தில் சிலுவையோடு ஒரு விசிலும் தொங்கும். சண்டைக் காலத்தில் கணக்குப் பாடத்தின் நடுவிலும் விசில் அடிப்பார். அடித்தால் விழவேண்டும், யோசிக்கக் கூடாது. குப்புற விழுந்து, இரண்டு முழங்கையையும் நிலத்தில் ஊன்றி, நெஞ்சை நிலத்தில் முட்டாமல் தூக்கிப் பிடிக்கவேண்டும். நிலம் அதிர்ந்தால் நெஞ்சு தாங்காது என்பார். காதுக்குள் விரல். வாய் ஆவென்று திறந்திருக்க வேண்டும். பிந்தி விழுகிறவள் திரும்பவும் எழும்பி விழவேண்டும். வெள்ளைச் சட்டையில் செம்பாட்டு மண் அப்பி, வீட்டில் தோய்க்கிற அம்மாவிடம் பேச்சு வாங்கியதுதான் மிச்சம் என்று அப்போது நினைத்தோம். "ஓடாதேங்கோ பிள்ளையள், ஓடுறவளுக்குத்தான் குண்டுப் பீஸ் படும்" என்று சிஸ்டர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார்.

பன்னிரண்டு வயதில் சந்தையடியில் பொம்மர் குத்தியபோது நான் விழுந்தேன். முழங்கை சரியான இடத்தில் இருந்தது, வாயும் திறந்திருந்தது. எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த ஓர் அக்கா விழவில்லை, ஓடினார். தூசி அடங்கி நான் தலையைத் தூக்கியபோது அவருடைய சாமான் பை என் கைக்கெட்டிய தூரத்தில் கிடந்தது. அதற்குள்ளிருந்து முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவரைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அன்றோடு அந்தப் பாடம் என் தலையிலிருந்து இறங்கி முழங்காலுக்குப் போய்விட்டது. இனி அதை அழிக்க எந்த நாட்டு விசாவாலும் முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னர், நத்தாருக்கு முதல் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், நானும் என் மகள் அனித்தாவும் அந்தச் சந்தைக்குப் போனோம். அவளுக்கு அப்போது பதினாலு வயது. அவருக்கு, என் கணவருக்கு, பேக்கரியில் வேலை, வரவில்லை. பாதாம் வாங்கி இருவரும் ஒரே பொட்டலத்துக்குள் கைவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டு நின்றோம். எங்களுக்குப் பின்னால் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. இரும்புச் சத்தம். ஒரு பெண் வீரிட்டாள். அவள் வீரிட்டதுதான் தாமதம், சனம் உடைந்தது. ஒரு திசையில் இல்லை, எல்லாத் திசையிலும். நான் யோசிக்கவே இல்லை. அனித்தாவின் கழுத்தைப் பிடித்து நிலத்தில் அமுக்கி, அவளுக்கு மேலே குப்புறப் படுத்தேன். முழங்கை சரியான இடத்தில் இருந்தது. வாய் திறந்திருந்தது. எனக்குக் கீழே அவள் துடித்தாள், எழும்பப் பார்த்தாள், என்னைத் தள்ளினாள். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். எங்களைச் சுற்றி முதலில் கால்கள் ஓடின. பிறகு எங்களுக்கு மேலால் ஓடின.

என் முதுகில் எத்தனை சப்பாத்து மிதித்தது என்று தெரியாது. அனித்தாவின் வலது கை மட்டும் எனக்கு வெளியே நீண்டிருந்தது. அவள் அதை எதையாவது பிடித்து எழும்புவதற்காக நீட்டியிருக்கிறாள். அந்தக் கையில் மிதித்தவர் யாரென்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. மணிக்கட்டில் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. காதுக்குள் விரல் வைக்க மறந்திருந்தேன்.

கடைசியில் ஒன்றுமே இல்லை. ஒரு கொட்டிலின் இரும்புத் தட்டி கொக்கி கழன்று விழுந்திருக்கிறது. யாரும் வரவில்லை, வாகனமும் இல்லை, கத்தியும் இல்லை. அந்தத் தனி ஒருவன் அன்றைக்கு எங்கேயோ தன் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்திருப்பான், வராமலே எங்களை மிதிக்க வைத்துவிட்டான். முதலுதவிக் கூடாரத்துக்குள் ஓர் இளம் பொலிஸ்காரி வந்து, மற்றவர்கள் எல்லாம் ஓடும்போது நீங்கள் ஏன் படுத்தீர்கள் என்று என்னிடம் கேட்டாள். ஃப்ளூக்சொய்க் என்றேன். விமானம் என்று அர்த்தம். அவள் கூடாரத்து முகட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எந்த விமானம், எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டுப் பேனையை எடுத்தாள். அதிர்ச்சியில் இருக்கிறார் என்று எழுதியிருப்பாள். அது பிழையும் இல்லை.

ஆஸ்பத்திரியில் தகடும் ஆணியும் வைத்து அனித்தாவின் கையைச் சரிப்படுத்தினார்கள். மயக்கம் தெளிந்து இரண்டாம் நாள், முகட்டைப் பார்த்தபடி, கோபமே இல்லாத குரலில் அவள் சொன்னாள்: "நான் ஓடப் பாத்தனான் அம்மா. நீங்கள்தான் விடேல்லை." அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு பொலிஸ் அதிகாரி வந்து பாடம் எடுத்திருக்கிறார். திறந்த வெளி என்றால் ஓடு, ஓட முடியாவிட்டால் ஒளி, பிறகு பொலிசுக்கு அழைத்துச் சொல். நிலத்தில் மட்டும் விழாதே, விழுந்தால் மிதிபடுவாய். எனக்குச் சிஸ்டர் சொன்னது எப்படியோ அப்படித்தான் அவளுக்கு அதுவும். இரண்டு பேருடைய பாடமும் சரி. ஆனால் அன்றைக்கு அந்தச் சதுக்கத்தில் சரியாக இருந்தது அவளுடையது, மேலே படுத்திருந்தது நான்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு சனம் கூடுகிற எந்த இடத்துக்கும் வந்ததில்லை. பிள்ளைக்குச் சனத்தைக் கண்டால் பயம், பாவம் என்று நான் முதலில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு நாள், அவள் சிநேகிதிகளோடு நகரத் திருவிழாவுக்குப் போய் நெரிசலுக்குள் நின்று எடுத்த படம் ஒன்றைக் கண்டேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் பிள்ளைக்குச் சனத்தில் பயமில்லை. என்னில்தான் பயம். பெற்ற தாய் கையைப் பிடித்தால் செத்துப்போவேன் என்று ஒரு பிள்ளை நினைத்தால், அந்தத் தாய் எந்த நாட்டில் இருந்து என்ன? சந்தையில் நான் எவனைக் கண்டு நடுங்கினேனோ, அவனை அவள் என்னில் கண்டாள்.

அவள் மட்டும் என்றால் பரவாயில்லை. எங்கேயாவது ஒரு தாக்குதல் நடந்த கிழமையில் நான் ட்ராமில் ஏறினால், என் நிறத்தையும் மடியில் இருக்கும் பெரிய பையையும் பார்த்துவிட்டு ஆட்கள் மெல்ல எழும்பி மற்றப் பெட்டிக்குப் போவார்கள். பைக்குள் இருப்பது முருங்கையிலையும் கருவாடும். ஒருமுறை எனக்கு எதிரில் இருந்த தனி ஆள் ஒருவனை, இவன் ஏன் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நெஞ்சிடிக்கக் கவனித்துக்கொண்டு வந்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தது என் பையை. அடுத்த தரிப்பிடத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்கினோம், வேறு வேறு கதவால்.

இப்படியொரு மனதோடுதான் இந்த முறை அனித்தாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். மாதாவின் பெருநாள் பார்க்க வந்தேன் என்று எல்லாருக்கும் சொன்னேன். உண்மையில் நான் வந்தது, என் ஊரில், என் சனத்துக்குள், அனித்தா ஒரு தரமாவது என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க மாட்டாளா என்ற ஆசையில்தான். நவநாள் ஒன்பது நாளும் அவள் கோயிலுக்கு வரவில்லை. வீட்டில் இருந்து போனை நோண்டினாள், மாமியோடு இறால் உடைத்தாள், மாமாவோடு கரைக்குப் போய் வலையைப் பார்த்தாள். என்னோடு மட்டும் இல்லை.

கோயில் படலையிலும் இப்போது பை பார்க்கிறார்கள். தெற்கே ஓர் உயிர்ப்பு ஞாயிறில் கோயில்களுக்குள் குண்டு வெடித்ததற்குப் பிறகு வந்த வழக்கம், பெருநாட்களில் இன்னும் விடவில்லை. பார்ப்பவர்கள் எல்லாம் பங்கு ஆட்கள், ஒன்றுவிட்ட சொந்தங்கள். மச்சாள் தன் பையைத் திறந்து காட்டி, உள்ளே இருந்த விசுக்கோத்தை அவர்களுக்கே கொடுத்துவிட்டுப் போவார். வெடி கொளுத்துவதற்கும் அந்த வருடத்திலிருந்துதான் ஓர் ஒழுங்கு வந்திருக்கிறது. முன்பெல்லாம் சுருவம், மாதாவின் சிலை, கடற்கரைக்கு வந்ததும் பெடியள் நினைத்தபடி சீனவெடியைக் கொளுத்துவார்கள். இப்போது மைக்கில் சொல்லாமல் யாரும் நெருப்புக் காட்டக் கூடாது. "இப்ப வெடி கொளுத்தப்படும், ஒருத்தரும் பயப்பட வேண்டாம்" என்று இரண்டு தரம் அறிவித்து, சனம் காதைப் பொத்திய பிறகுதான் வெடி.

மச்சாளிடம் கடைசியில் உண்மையைச் சொன்னேன். கதவடி, இரண்டாவது வாசல், சந்தை, அனித்தாவின் கை, எல்லாம். அவர் ஆறுதலாகக் கேட்டுவிட்டு, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் மச்சாள் என்றார். இங்கே அப்படி ஒருவன் வரமுடியாது, எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள் என்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், சும்மா இருக்க முடியவில்லை. தெரிந்தவர்கள் என்றால் பயமில்லை என்று எங்களுக்கு யார் சொன்னது? ஆமியின் சுற்றிவளைப்பில் எங்களை வரிசையில் நிறுத்தி, முகம் மூடிய ஒருவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடத்தினார்களே. அவன் தலையை ஆட்டினால் ஆள் போய்ச் சேர்ந்தது. அந்தத் தலையாட்டி எங்களைத் தெரிந்தவன் என்றபடியால்தானே ஆட்டினான்? மச்சாள், உண்மைதான் என்று சொல்லிவிட்டு உலை பார்க்கப் போனார். அவரையும் பயப்படுத்திவிட்டேன் என்று எனக்குப் பிறகு கவலையாக இருந்தது.

பெருநாள் பின்னேரம், நான் சேலை உடுத்திக்கொண்டிருந்தபோது அனித்தா அறை வாசலில் வந்து நின்றாள். வருகிறேன் என்றாள். மாமி என்ன சொன்னாரோ தெரியாது.

"ஆனா ஒரு கொண்டிஷன். என்ரை கையை நீங்கள் பிடிக்கக் கூடாது. என்ன நடந்தாலும்."

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல?

சுற்றுப்பிரகாரம் கோயிலிலிருந்து புறப்பட்டுக் கடற்கரை ஒழுங்கையால் போய்த் திரும்பும். ஒழுங்கை அகலமில்லை. ஒரு பக்கம் வீட்டு மதில், மறுபக்கம் இழுத்து வைத்த வள்ளங்கள். முன்னால் பாண்ட் வாத்தியம், பிறகு மாதாவின் சுருவம், பிறகு பூசை வைக்கும் சுவாமி, அதற்குப் பிறகு சனம். இவ்வளவு சனம் எங்கள் பங்கில் இருப்பதே எனக்குத் தெரியாது. அரைவாசிப் பேர் என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்களாக இருக்கவேண்டும். செபமாலையை உருட்டிக்கொண்டு நான் எண்ணியது அருள்நிறை மந்திரத்தை இல்லை. முதல் இடைவெளி இரண்டு வள்ளத்துக்கு நடுவில், அடுத்தது தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்துப் படலை. அனித்தா எனக்கு இடப்பக்கம் ஓர் எட்டுத் தள்ளி நடந்தாள். அவளும் இடைவெளிகளைத்தான் பார்க்கிறாள் என்று அவளுடைய கண் போன போக்கில் தெரிந்தது. தாயும் மகளும் வேறு வேறு மொழியில் ஒரே செபம் சொல்லிக்கொண்டு போனோம்.

தண்ணீர்த் தாங்கிப் படலையில் அவனைக் கண்டேன். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். தனியாக நின்றான். எல்லாரும் நடக்க அவன் மட்டும் நடக்கவில்லை. முதுகில் போடுகிற பையை நெஞ்சுப் பக்கம் போட்டு இரண்டு கையாலும் அணைத்திருந்தான். கையில் செபமாலை இல்லை, வாய் அசையவில்லை. அவன் சுருவத்தைப் பார்க்கவில்லை, சனத்தைப் பார்த்தான். யார் வீட்டு ஆள் என்று அடையாளம் பிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அண்ணையிடம் சொல்லலாம் என்றால் அவர் நாலு பேருக்கு முன்னால், சுருவத்தைச் சுமப்பவர்களுக்குப் பக்கத்தில். சத்தம் போட்டால்? சத்தம் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே. ஒருத்தி வீரிட்டால் போதும். ஒழுங்கையில் ஓட இடமில்லை. நான் வாயை மூடிக்கொண்டு, மாதாவே, மாதாவே என்று அந்தப் பையையே பார்த்தபடி நடந்தேன். எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் பத்து எட்டு இருந்தது. பிறகு ஆறு. அவனும் என்னைக் கண்டான். கண்ணை எடுக்கவில்லை.

அப்போதுதான் வெடித்தது.

வெடிக்கு முதல் அறிவிப்பு வரவில்லை. மைக் வேலை செய்யவில்லை, அங்கே நின்றவர்கள் அறிவித்தாயிற்று என்று நினைத்துக் கொளுத்திவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். அந்த நொடியில் அது யாருக்குத் தெரியும்? ஒழுங்கைச் சுவரில் பட்டு இரட்டிப்பாகத் திரும்பியது சத்தம். நான் கண்டதை அப்படியே எழுதுகிறேன். சனத்தில் பாதி நிலத்துக்குப் போனது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பாதி. பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியுமாக, ஒருவரும் ஒருவரைத் தள்ளாமல், ஒருவரும் கத்தாமல், ஒரே நேரத்தில் விழுந்தார்கள். அண்ணை விழுந்தார். மச்சாள் விழுந்தார். இளசுகள் மட்டும் நின்ற இடத்தில் நின்று, தங்கள் காலடியில் கிடக்கும் தாய் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படலையடியில் நின்றவன் எனக்கு முதலே விழுந்துவிட்டான். பை ஒரு பக்கம் கிடந்தது, அதற்குள்ளிருந்து பிள்ளையின் பால்போத்தல் ஒன்று உருண்டது. அவனுடைய முழங்கைகள் இரண்டும் சரியான இடத்தில் ஊன்றியிருந்தன. வாய் திறந்திருந்தது.

என் வலது முழங்கால் மடிந்து மண்ணைத் தொட்டுவிட்டது. மற்றதும் மடியப் போன நேரம், என் இடது கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். கீழே அமுக்கவில்லை, மேலே இழுத்தார்கள். இழுத்தது தகடு வைத்த கை, மணிக்கட்டில் அந்த மேடு எனக்குத் தட்டுப்பட்டது. "எழும்புங்கோ அம்மா" என்று என் காதுக்குள் சொன்னாள் அனித்தா. "நான் பிடிச்சிருக்கிறன். எழும்புங்கோ." உடம்பு முழுக்க விழு என்று கத்தியது. சிஸ்டரின் விசில் கேட்டது. முருங்கைக்காய் தெரிந்தது. நான் எழும்பினேன். இரண்டு வள்ளத்துக்கு நடுவில் இருந்த இடைவெளிக்குள் அவள் என்னை இழுத்துக்கொண்டு போய், தன் முதுகைச் சனத்துக்குக் காட்டி, எனக்கு முன்னால் நின்றாள். அவளுடைய நெஞ்சு இடித்தது எனக்குக் கேட்டது. என்னுடையது அவளுக்குக் கேட்டிருக்கும்.

இரண்டாவது, மூன்றாவது வெடி வந்தபோது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஒவ்வொருவராக எழும்பினார்கள். யாரோ ஒரு பெண் அசட்டுச் சிரிப்புச் சிரிக்க, மற்றவர்களும் சிரித்தார்கள், ஆனால் ஒருவரும் மற்றவரின் முகத்தைப் பார்க்கவில்லை. படலையடி மனிதன் பால்போத்தலை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய மனைவி குழந்தையோடு உள்ளே இருந்து ஓடி வந்தாள். அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி. நானும் ஆட்டினேன். பாண்ட் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

அனித்தா விழுந்து எழும்பியவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமாவை, மாமியை, சேலைத் தலைப்பைச் சரிசெய்யும் முன்பின் தெரியாத பெண்களை. "அம்மா, எல்லாரும் விழுந்தவை" என்றாள் கொஞ்சம் பொறுத்து. "எல்லாரும் ஒரே மாதிரி." திரும்பிப் போகும்போதும் இடைவெளிகளைத்தான் தேடுவேன் என்று எனக்குத் தெரியும். அடுத்த மார்கழியில் அந்தக் கொங்கிறீட் கட்டைகளுக்கு ரிபன் கட்டும்போதும் இந்தப் பயம் இருக்கும். சத்தமே இல்லாமல் வருகிற ஒருவனுக்கு எந்த ஊரிலும் மைக்கில் அறிவிப்பு இல்லை.

மச்சாள் மூச்சு வாங்க எங்களிடம் வந்தார். அண்ணையும் வந்தார், வேட்டியில் இரண்டு முழங்காலிலும் மண். அனித்தாவின் சட்டையில் ஒரு துளி மண் இல்லை. நான் குனிந்து என் சேலையைப் பார்த்தேன். வலது முழங்காலில் ஈரக் கடற்கரை மண் உள்ளங்கை அளவுக்கு அப்பியிருந்தது. இடது பக்கம் பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக்கூடக் கலையவில்லை.

"மண்ணைத் தட்டி விடுங்கோ மச்சாள், சேலை பழுதாப் போகும்" என்றார் மச்சாள்.

ஒரு கையால்தான் தட்டினேன். மற்றக் கையை அனித்தா இன்னும் விடவில்லை.